மாதிரியை அலமாரியில் பூட்டி வையுங்கள்

ஒரு அப்பா எழுதிய கடிதம் இது. நீளமாக இருந்ததால் சுருக்கித் தருகிறேன்.

"டீச்சர், என் மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, மகளுக்கு இரண்டரை. மகனின் மழலையர் பள்ளிக்கு வசந்த விடுமுறை, இரண்டு வாரம். பகலில் இரண்டு பேரையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போனைக் கொடுத்து உட்கார வைக்க வேண்டாமே என்று நிறைய வீடியோக்களைப் பார்த்து, வண்ணக் காகிதம், பஞ்சு, ஒட்டுகிற கண்கள் எல்லாம் வாங்கி, முயல், வாத்து, காகித ட்யூலிப் என்று பட்டியலும் போட்டு வைத்தேன். முதல் நாள் முயல். ஒரு கண்ணை ஒட்டினான், அப்புறம் பசை பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்து அது ஒழுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தான், ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிட்டான். மிச்சத்தை ராத்திரி நானே ஒட்டி முடித்தேன். காலையில் 'பாரு, உன் முயல்' என்று காட்டினால் 'அது உன்னோடது' என்கிறான். வரையச் சொன்னால் 'நீயே வரை' என்று கிரேயானை என் கையில் திணிக்கிறான். அவனுக்கு ஆர்வமே இல்லையா, இல்லை கையில் ஏதாவது குறையா? சின்னவள் வேறு எதைக் கண்டாலும் வாயில் போடுகிறாள். என்ன செய்யலாம்?"

உங்கள் மகன் சொன்னது சரிதான் சார். அந்த முயல் உங்களுடையதுதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே தப்பை நானும் செய்திருக்கிறேன், அதுவும் இருபத்திரண்டு மடங்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வகுப்பறைச் சுவருக்காக இருபத்திரண்டு மஞ்சள் வாத்துகளை முந்தின நாளே வெட்டி வைத்து, மூக்கு எங்கே, கண் எங்கே என்று பென்சிலால் குறியும் போட்டுக் கொடுத்து, பிள்ளைகள் கோணலாக ஒட்டியதை எல்லாம் அவர்கள் தூங்கும்போது எடுத்து நேராக ஒட்டினேன். பெற்றோர் வந்த அன்று ஒரு அம்மா தன் பையனிடம் "உன் வாத்து எது?" என்று கேட்டார். அவன் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற சிநேகிதியின் வாத்தைக் காட்டினான். அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். எனக்கு அன்றைக்கு உறைத்தது.

முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நாலு வயதுப் பிள்ளை, தான் தேர்ந்தெடுக்காத ஒரு வேலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அதுவே தாராளம். தானாகத் தேர்ந்தெடுத்த வேலை என்றால் அரை மணி நேரம்கூட அசையாமல் இருப்பான், மண்ணில் குழி தோண்டும்போது பார்த்திருப்பீர்கள். கையைப் பொறுத்தவரை, கரண்டியைப் பிடித்துச் சாப்பிடுகிறானா, பெரிய பொத்தானைப் போட முயல்கிறானா, இரண்டு கையையும் பயன்படுத்துகிறானா என்று பாருங்கள். இவை இருந்தால் கவலை வேண்டாம். ஒரு கையை அறவே பயன்படுத்தாமல் இருப்பது, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியாமல் போவது, ஈரமோ பிசுபிசுப்போ கையில் பட்டாலே துடித்து அழுவது, இப்படி ஏதாவது இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். பசை ஒழுகுவதை ரசித்துப் பார்க்கிற பையன் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் பசையைக் கொஞ்சம் பேசுவோம், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். பாட்டிலைக் கவிழ்த்ததும் முதலில் கெட்டியாக ஒரு சொட்டு தொங்கும், அப்புறம் அது நூலாக இழுபடும், நூல் மேஜையில் பட்ட இடத்தில் சுருள் சுருளாக மடியும், கையை உயர்த்தினால் நூல் மெலியும், தாழ்த்தினால் தடிக்கும். அவன் அங்கே வேலை செய்துகொண்டுதான் இருந்தான், நீங்கள் கொடுத்த வேலையை இல்லை, அவ்வளவுதான். அடுத்த தடவை பெரிய பாட்டிலைக் கொடுக்காதீர்கள், நிறைய வீணாகும். ஒரு சின்ன பாட்டிலில் கால்வாசி பசை ஊற்றி, கீழே ஒரு கறுப்புக் காகிதத்தை வைத்து, "ஒழுக விடு" என்று விட்டுவிடுங்கள். வெள்ளைப் பசை கறுப்புத் தாளில் கோடு கோடாக விழும், காய்ந்தபின் மேடாக நிற்கும், மறுநாள் அதன் மேல் மெல்லிய தாளை வைத்துக் கிரேயானால் தேய்த்தால் கோடுகள் எல்லாம் மறுபடி வரும். ஒட்டுகிற வேலைக்கு மட்டும் ஒரு மூடியில் கொஞ்சம் பசையும் ஒரு காது பஞ்சுக் குச்சியும் போதும்.

இப்போது "நீயே வரை". குழந்தை இப்படிச் சொன்னால் பெரும்பாலும் அதற்குக் காரணம் எதிரே ஒரு மாதிரி இருப்பது. நீங்கள் செய்து காட்டிய முயல், வீடியோவில் வந்த முயல், பெட்டியின் மேல் அச்சடித்த முயல். அதைப் பார்த்த நொடியே அவனுக்குத் தெரிந்துவிடும், தன் கையால் அது வராது என்று. பெரியவர்கள் நமக்கு வராததைச் சமாளித்துக்கொண்டு செய்வோம், நாலு வயதில் அந்தச் சமாளிப்பு கிடையாது, கிரேயானை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் என் முதல் ஆலோசனையும் முக்கிய ஆலோசனையும் இதுதான்: மாதிரியைக் காட்டாதீர்கள். வாங்கிய செட்டு இருக்கிறதா, பிரித்துப் பொருளை எடுத்துக்கொண்டு பெட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். அவன் வரையச் சொன்னாலும் நீங்கள் முயல் வரைய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தாளில் வெறும் கோடும் வட்டமும் போடுங்கள், அவனும் போடுவான். ரோடா கெல்லாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் சிறு குழந்தைகளின் படங்களை ஏறக்குறைய பத்து லட்சம் சேர்த்து வைத்து வகைப்படுத்தினார். கிறுக்கல், அப்புறம் வட்டமும் சிலுவையும், அப்புறம் கதிர் நீட்டிய சூரியன், அந்தச் சூரியனிலிருந்தே கைகால் முளைத்த மனிதன் என்று ஒரு வரிசை அவருக்குத் தென்பட்டது. முயலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவசரப்படுத்தினால் சூரியனையும் சேர்த்து விட்டுவிடுவான்.

சரி, மாதிரி இல்லாமல் என்னதான் செய்வது? மாதிரியே வைக்க முடியாத வேலைகளாகத் தேர்ந்தெடுங்கள். எப்படி வரும் என்று உங்களுக்கே தெரியாத வேலைகள். வசந்த காலம் இதற்கு ரொம்ப வசதி, வெளியே கிளம்பினாலே பாதிப் பொருள் தரையில் கிடக்கும். 1840-இல் ஃப்ரோபெல் என்ற ஜெர்மன் கல்வியாளர் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்ததே குழந்தைகளின் தோட்டம் என்ற பொருளில்தான், அங்கே பிள்ளைகளுக்கு நிஜமாகவே பாத்திகள் இருந்தன. எனவே காலையில் மேஜைக்குப் போகாதீர்கள், ஒரு பையை எடுத்துக்கொண்டு நடக்கப் போங்கள். விழுந்த பூ, விழுந்த இலை, குச்சி, காய்ந்த புல், இவை போதும். செடியில் இருப்பதைப் பறிப்பதென்றால் பூவுக்குள் தேனீ இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பறிக்கச் சொல்லுங்கள், அந்த எட்டிப் பார்த்தலே ஒரு நல்ல பழக்கம். பெயர் தெரியாத செடியைத் தொட வேண்டாம் என்பது உங்கள் வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். அரளி, டாஃபடில், லில்லி ஆஃப் தி வேலி எல்லாம் அழகுக்காக வளர்ப்பவைதான், ஆனால் வாயில் போனால் விஷம். அரளியும் லில்லி ஆஃப் தி வேலியும் இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடியவை. சின்னவள் இருக்கிற வீட்டில் அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

கொண்டுவந்த பூவை முதலில் அடித்துப் பார்க்கலாம். உண்மையாகவே அடிப்பதுதான். ஒரு பலகையின் மேல் வெள்ளைப் பருத்தித் துணி அல்லது கெட்டியான ஓவியத் தாள், அதன் மேல் பூவைக் குப்புற வைத்து, அசையாமல் நாலு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். பூவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அடிக்க விட்டால் முதலில் விரல்தான் அடிபடும், அதற்குத்தான் டேப். மேலே ஒரு மெல்லிய தாள் போட்டு, சின்ன மரச்சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். இரும்புச் சுத்தியல் வேண்டாம், கல்லும் வேண்டாம், சில்லு தெறிக்கும். தட்டத் தட்ட மேல் தாளில் ஈரம் ஊறிக் கறை தெரியும், அதுதான் சாயம் இறங்குகிறது என்பதற்கு அடையாளம். டேப்பை உரித்துப் பூவைச் சுரண்டி எடுத்தால் இதழின் நரம்புகூடத் துணியில் பதிந்திருக்கும், சில பூவுக்கு ஒன்றுமே வராது, சில பூ கூழாகிப் பிசுபிசுக்கும். சதைப்பற்றுள்ள பூ கூழாகும், மெல்லிய இதழ்தான் நன்றாக அச்சாகும். இதை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள், நாலு பூவை நாசம் பண்ணினால் அவனே கண்டுபிடிப்பான். துணியை வெயிலில் வைத்தால் நிறம் சீக்கிரம் மங்கிவிடும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அழுகை.

இலையைத் தாளுக்கு அடியில் வைத்துக் கிரேயானால் தேய்க்கிற வேலை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரே ஒரு விஷயம், வசந்தத்தில் துளிர்த்த இளந்தளிர் இதற்கு உதவாது, நசுங்கிவிடும். முற்றிய இலையைத் தேடுங்கள், நரம்பு புடைத்திருக்கும் பின்பக்கம் மேலே வரும்படி வையுங்கள், கிரேயானின் காகித உறையை உரித்துப் படுக்கவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். உறை உரிப்பதே பத்து நிமிட வேலை, விரலுக்கும் நல்லது. தளிரை எல்லாம் சுத்தியலுக்குக் கொடுத்துவிடுங்கள், அங்கே அதுதான் ராஜா.

வெள்ளைப் பூவுக்குச் சாயமேற்றுவது கைவினையா அறிவியலா என்று சக ஆசிரியர்கள் சண்டை போடுவார்கள், எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. கார்னேஷன் அல்லது வெள்ளைச் சாமந்தியின் தண்டைச் சாய்வாக வெட்டி, உணவுக்குப் போடும் நிறத்தைத் தாராளமாகக் கரைத்த தண்ணீரில் நிறுத்துங்கள். தண்ணீர் தண்டுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் வழியாக மேலே ஏறும், இதழிலிருந்து நீர் ஆவியாகிப் போகப் போக அடியிலிருந்து இழுக்கும். சில மணி நேரத்தில் ஓரத்தில் நிறம் தெரிய ஆரம்பித்து, மறுநாள் காலையில் நன்றாக ஏறியிருக்கும். தண்டை நீளவாக்கில் பிளந்து இரண்டு டம்ளரில் இரண்டு நிறம் வைத்தால் ஒரே பூவில் பாதி நீலம், பாதி சிவப்பு. பிளப்பது உங்கள் வேலை, நிறம் தேர்ந்தெடுப்பது அவன் வேலை. காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் டம்ளரைப் பார்க்க ஓடுவான், அதற்கு நான் பொறுப்பில்லை.

வண்ணத்துப்பூச்சி இல்லாமல் வசந்தமா என்று கேட்பீர்கள். தாளை முதலில் மடித்துத் திறந்துகொள்ளுங்கள், ஒரு பக்கம் மட்டும் கெட்டியான வண்ணத்தைச் சொட்டுச் சொட்டாக விடட்டும், மடித்து உள்ளங்கையால் தேய்க்கட்டும். திறப்பதற்கு முன் ஒரு நொடி நிறுத்தி "உள்ளே என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். "டைனோசர்" என்று சொன்னால் டைனோசர்தான், வண்ணத்துப்பூச்சி என்று திருத்தப் போகாதீர்கள். பத்துத் தாள் வரைக்கும் தயாராக வைத்திருங்கள், ஒன்றோடு நிற்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை.

கூடு கட்டும் வேலையும் நன்றாக இருக்கும். ஒரு கிண்ணத்தில் ஈரமண், காய்ந்த புல், குச்சி வைத்துவிட்டு, நீங்களும் ஒன்று கட்டுங்கள். இங்கே மட்டும் நீங்கள் செய்து காட்டினாலும் மோசமில்லை, ஏனென்றால் உங்களுடையதும் சரிந்துவிடும். பறவைக்குக் கையே இல்லை, அலகால்தான் கட்டுகிறது என்று சொன்னால் என் வகுப்பில் எப்போதும் ஒரு பிள்ளையாவது குச்சியை வாயால் எடுக்க முயலும், கழுவிய குச்சியாக வைத்திருங்கள். மரத்தில் இருக்கும் நிஜக் கூட்டைத் தொடவோ எடுக்கவோ கூடாது. பறவைக்கு உதவி என்று சொல்லிக் கம்பளி நூல் துண்டுகளை வெளியே தொங்க விடுகிற வீடியோக்களையும் நம்பாதீர்கள், நீளமான நூல் குஞ்சின் காலில் சுற்றி இறுகிக்கொள்ளும்.

கத்தரிக்கோலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முயலை நீங்களே வெட்டிக் கொடுத்தீர்கள் என்பது கடிதத்திலிருந்தே தெரிகிறது. பயத்தில் கத்தரிக்கோலைத் தராமல் இருப்பதுதான் வீடுகளில் நடக்கிற பெரிய தவறு. மூன்று வயதில் பிள்ளைகள் ஒரு வெட்டு வெட்டுவார்கள், நாலு வாக்கில் ஒரு நேர்கோட்டைக் கிட்டத்தட்டத் தொடர்வார்கள், வட்டம் வெட்ட ஐந்து ஆகும். இது சுமாரான கணக்குதான், முன்பின் ஆகலாம். முனை மழுங்கலாக இருக்கட்டும், ஆனால் வாய் நன்றாக வெட்ட வேண்டும். முழுக்கப் பிளாஸ்டிக்கில் வருபவை தாளை மடிக்கும், வெட்டாது, பிள்ளை தன் கையைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். கட்டைவிரல் மேலே பார்க்க வேண்டும், வெட்டுகிற கையின் முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், தாளைப் பிடிக்கும் கையின் கட்டைவிரலும் மேலேயே இருக்கட்டும். முதலில் இரண்டு விரல் அகலத்தில் கெட்டியான அட்டைப் பட்டைகளைக் கொடுங்கள், ஒரே வெட்டில் துண்டு விழும், அந்த "டக்" சத்தத்துக்காகவே நூறு துண்டு போடுவான். இடது கைக்காரன் என்றால் இடது கைக் கத்தரிக்கோலே வாங்குங்கள். சாதாரணக் கத்தரிக்கோலில் மேல் வாய் கோட்டை மறைத்துவிடும், பாவம், குருட்டாம்போக்கில் வெட்டுவான்.

இந்தக் கத்தரிக்கோலுக்கு வசந்தத்தில் ஒரு அருமையான வேலை உண்டு. காகிதக் கோப்பையில் அவன் இஷ்டப்படி ஒரு முகம் வரையட்டும். உள்ளே ஈரப் பஞ்சு வைத்து அதன் மேல் கடுகைத் தூவி, வெளிச்சம் படும் ஜன்னலோரம் வையுங்கள், பஞ்சு காயாமல் தெளித்துக்கொண்டே இருங்கள். இரண்டு மூன்று நாளில் முளைவிடும், ஒரு வாரம் பத்து நாளில் முடி வளர்ந்து நிற்கும். அப்போது அவன்தான் முடிதிருத்துபவர். ஒரு விரற்கடை விட்டு வெட்டச் சொல்லுங்கள், மொட்டையடித்துவிட்டாலும் பரவாயில்லை, மறுபடி தூவலாம். விடுமுறையின் முதல் நாளே விதைத்துவிடுங்கள், இரண்டாவது வாரத்துக்கு வேலை தயார்.

சின்னவள் விஷயத்தில் மட்டும் நான் கறார். தீர்ந்துபோன டாய்லெட் டிஷ்யூ சுருளின் உள் அட்டைக் குழாயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முழுசாக நுழைகிற எதுவும் அவள் இருக்கும் மேஜையில் இருக்கக் கூடாது. பொம்மைகளைச் சோதிக்கிற அதிகாரபூர்வக் குழாயின் விட்டம் 3.17 சென்டிமீட்டர், இது அதைவிடக் கொஞ்சம் பெரியது, அதனால் இன்னும் பாதுகாப்பு. ஒட்டுகிற கண்கள், மணிகள், பஞ்சுருண்டைகள் எல்லாம் இதில் போய்விடும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணிகள் வீட்டுக்குள்ளேயே வேண்டாம், விழுங்கினால் குடலுக்குள் போய்ப் பெருத்து அடைத்துக்கொள்ளும். உப்பு மாவு பொம்மைக்குச் சொல்கிற அளவு இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு உப்பு, அதை ஒரு குழந்தை அள்ளித் தின்றால் ரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறலாம், அதனால் அவள் வாயில் போடுவதை நிறுத்தும்வரை அதுவும் வேண்டாம். அவளுக்கு ஒரு தட்டில் தண்ணீர், ஒரு பெரிய தூரிகை, தரை அல்லது சுவர். தண்ணீரால் பெயின்ட் அடிப்பாள், காயும், மறுபடி அடிப்பாள். அண்ணன் சுத்தியல் பிடிக்கும்போது மட்டும் அவள் உங்கள் மடியில். மினுமினுப்புத் தூளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்காதீர்கள், என் வகுப்பில் அதற்கு இடமில்லை, அடுத்த வருஷமும் தரையிடுக்கில் கிடக்கும்.

செய்து முடித்ததும் ஸ்டிக்கர், சாக்லேட் என்று ஆசை காட்டாதீர்கள். 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து நர்சரியில், ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கனவே ஆர்வமிருந்த பிள்ளைகளில் சிலரிடம் "வரைந்தால் பரிசுச் சான்றிதழ்" என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்தபோது, அந்தப் பிள்ளைகள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ பாதிதான். எதிர்பாராமல் சான்றிதழ் கிடைத்தவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை என்பதையும் கவனியுங்கள், அதாவது பேரம்தான் கெடுக்கிறது. "சூப்பர், அழகு" என்று அள்ளி விடுவதையும் குறைத்துக்கொண்டு, "இங்கே நிறைய நீலம் வந்திருக்கே, எப்படி?" என்று கேளுங்கள். பதில் சொல்வான், சில சமயம் பத்து நிமிடத்துக்கு.

வீடு முழுக்கத் தாளாகக் குவியுமே என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். ஒரு அட்டைப் பெட்டி வையுங்கள், நிறைந்ததும் அவனோடு உட்கார்ந்து எது இருக்கட்டும், எது போகட்டும் என்று கேளுங்கள். அவனைக் கேட்காமல் தூக்கிப் போட்டால் கட்டாயம் குப்பைத் தொட்டியில் கண்டுபிடித்துவிடுவான்.

அப்புறம் அந்த முயல். அதன் கண்ணைப் பிடுங்கிச் சின்னவள் கைக்கு எட்டாத இடத்தில் போட்டுவிட்டு, முயலையும் கத்தரிக்கோலையும் பையனிடம் கொடுத்து "இதை வெட்டிப் பார்க்கிறாயா?" என்று கேளுங்கள். ராத்திரி உட்கார்ந்து ஒட்டியது, உங்களுக்குக் கொஞ்சம் மனசு வலிக்கும்.